கவசத்துக்குள்ள இருக்கிறவ

அண்ணி: கையை எடுடி, கூசுது...

பொடிசு: அசையாதீங்க அண்ணி. இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு எவ்வளவுன்னு பாத்துட்டா முடிஞ்சுது.

அண்ணி: வேலை நாள் அதுவுமா காலையில வந்து, செருப்பைக் கூட ஒழுங்கா கழட்டாம டேப்பை நீட்டினா என்ன அர்த்தம்? நாத்தனார் வந்து அண்ணியை அளவெடுக்கறான்னா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க? சவப்பெட்டி செய்யறான்னு நினைப்பாங்க.

பொடிசு: வாயைக் கழுவுங்க முதல்ல. இது ஆபீஸ் வேலை.

அண்ணி: பொம்மை ஆபீஸ்.

பொடிசு: விளையாட்டு ஆபீஸ். கம்ப்யூட்டர்ல ஆடுறது. ஒன்பது வருஷமா நான் சொல்லிக்கிட்டிருக்கேன், ஒன்பது வருஷமா நீங்களும் பொம்மைன்னே சொல்லிக்கிட்டிருக்கீங்க.

அண்ணி: சரி, விளையாட்டு. அதுக்கு என் தோள் எதுக்கு? தீயணைப்புல பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினவ தோளு. அதுலயும் ஒரு பக்கம் உடைஞ்சு ஒட்ட வச்சது.

பொடிசு: அதான் வேணும். எங்க இரும்புக்காரி இருக்கால்ல...

அண்ணி: நீலக் கவசத்தை மாட்டிக்கிட்டு, பறந்துக்கிட்டு, சுவரை இடிச்சுக்கிட்டுத் திரிவாளே, அவளா? உன் பனியன்ல கூட இருப்பா.

பொடிசு: அவளேதான். மூணு ஆட்டம் வந்தாச்சு, கவசத்தைக் கழட்டினதே இல்ல. மூஞ்சி கூட கண்ணாடி வழியா பாதிதான் தெரியும். இப்ப நாலாவது ஆட்டத்துல கவசம் நொறுங்கிடுது. ஒரு கட்டம் முழுக்க அவ வெறும் ஆளா நடக்கணும். எப்படி இருப்பா, அவளால என்ன முடியும்... இதை இன்னிக்கு மூணு மணிக்கு மேலிடத்துக்குக் காட்டணும். பிடிக்கலைன்னா அந்தக் கட்டத்தையே தூக்கிடுவாங்க.

அண்ணி: இதுல என்ன கஷ்டம்? கவசத்தைக் கழட்டு, உள்ள இருக்கிறவளைக் காட்டு.

பொடிசு: உள்ள யாருமே இல்ல அண்ணி.

அண்ணி: என்னடி, பேய்க் கதை மாதிரி...

பொடிசு: நிஜமாத்தான். ஏழு வருஷமா கவசம் மட்டும்தான் செஞ்சிருக்கோம். வெளியில தெரியாததை எதுக்குச் செய்யணும்னு விட்டுட்டோம். கழுத்து வரைக்கும் ஒரு தலை, அதுக்குக் கீழ காத்து. இப்ப கழட்டணும்னு வந்ததும் அளந்து பாத்தா, அந்தக் கவசத்து இடுப்புல என் ஒரு தொடை கூட நுழையாது.

அண்ணி: அட பாவிகளா... ஏழு வருஷமா ஒருத்தருக்கும் தோணலையா?

பொடிசு: அழகா இருக்குன்னு எல்லாரும் கைதட்டினோம். முதல்ல தட்டினவ நான்.

அண்ணி: பொம்மைக்குச் சட்டை தைக்கிறவங்க கூட பொம்மையை ஒரு தடவை பாத்துடுவாங்க. நீங்க அதுக்கும் மேல.

பொடிசு: சிரிங்க, சிரிங்க. பக்கத்து டீம்ல ஒருத்தியை வரைஞ்சு வச்சிருக்காங்க. மெழுகு மாதிரி தோலு, காத்துல பறக்கிற முடி, பாதத்துல ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. கவசம் போனதும் மூலையில உக்காந்து அழுவா. யாராவது வந்து காப்பாத்துவாங்க.

அண்ணி: முகம் லட்சணமா இருக்கா?

பொடிசு: லட்சணத்துக்கு என்ன குறைச்சல்? அதைத் தவிர ஒண்ணும் இல்ல. எனக்கு அவ வேண்டாம். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். அவ்வளவு கனமான உடுப்புக்குள்ள இருந்துட்டு வெளிய வர்ற பொம்பளை, எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்திதான்.

அண்ணி: இப்ப எங்கடி உடுப்பு? அந்தக் கூரை தோள்ல விழுந்ததுல இருந்து நாலு மாசமா நைட்டியிலதான் குடித்தனம்.

பொடிசு: மெடிக்கல் போர்டுல இருந்து முடிவு வந்துதா?

அண்ணி: இல்ல.

பொடிசு: இன்னுமா?

அண்ணி: வந்தா சொல்ல மாட்டேனா? எலும்பு சரியா கூடிச்சா, நான் திரும்ப உடுப்பை மாட்டிக்கிட்டு உள்ள போகலாமா வேண்டாமான்னு நாலு டாக்டர் கூடிப் பேசி எழுதணும். அது நடந்துதான் வரும், பறந்து வராது. நீ உன் வேலையைப் பாரு.

பொடிசு: சரி... தோள் பதினேழு அங்குலம். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு.

அண்ணி: அதை நிமித்திப் போட்டுக்கோ. கதாநாயகியாச்சே.

பொடிசு: நிமித்த மாட்டேன். உடுப்பைக் கழட்டினதும் முதல்ல எப்படி இருக்கும்னு சொல்லுங்க.

அண்ணி: மிதக்கிற மாதிரி இருக்கும். முதுகுல மாட்டுற காத்து சிலிண்டரோட சேத்து இருபத்தஞ்சு கிலோ. இறக்கி வச்சதும் உடம்பு தன்னால மேல கிளம்பப் பாக்கும். காலைத் தேவைக்கு மேல தூக்கித் தூக்கி வைப்பேன், இல்லாத படியில ஏறுற மாதிரி. ஸ்டேஷன்ல எல்லாரும் சிரிப்பாங்க. அவங்களும் அப்படித்தான் நடப்பாங்க, அது அவங்களுக்குத் தெரியாது.

பொடிசு: பாக்கறதுக்கு?

அண்ணி: கண்றாவியா இருப்பேன். முடி மண்டையோட ஒட்டிக்கிடக்கும். முகமூடித் தடம் மூஞ்சியைச் சுத்தி வட்டமா, யாரோ தட்டை வச்சு அமுக்கின மாதிரி. தோள் ரெண்டுலயும் பட்டை அழுத்தின பள்ளம். அது உனக்கே தெரியும். கையைத் தூக்க முடியாம கிடந்தப்ப ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து தலை வாரிவிட்டவ நீதானே.

பொடிசு: அதுக்கென்ன இப்ப...

அண்ணி: அதுக்கென்னவா? பெத்த அம்மா கூட அப்படி வர மாட்டாங்க. அப்பவே சொல்லணும்னு நினைச்சேன், சொல்லல. இப்ப சொல்லிட்டேன்.

பொடிசு: சரி சரி, கண்ணைத் துடைங்க, எனக்கு வேலை ஓடாது. கழுத்து?

அண்ணி: கழுத்தை எழுதாதடி. தூண் மாதிரி இருக்கு. கல்யாணத்தப்ப போட்ட சங்கிலி இப்ப மூச்சைப் பிடிக்குது.

பொடிசு: தலையில அவ்வளவு எடை சுமக்கிறவளுக்குப் பூத்தண்டு மாதிரி கழுத்து இருந்தாதான் அசிங்கம். அப்புறம்?

அண்ணி: அப்புறம் என்ன... ஆளு சின்னதாயிடுவேன். அதுதான் எல்லாருக்கும் ஏமாத்தம். போன வருஷம் ஒரு துணிக்கடை மூணு மாடியும் பத்திக்கிச்சே, ஞாபகமிருக்கா? மேல இருந்து ஒரு ஆளைத் தூக்கிட்டு வந்தேன். தொண்ணூறு கிலோ இருப்பாரு, நல்லா தின்னு வளத்த உடம்பு. ரெண்டு மாசம் கழிச்சு மருந்துக்கடை வரிசையில எனக்குப் பின்னாடி அதே ஆளு.

பொடிசு: இதைச் சொல்லவே இல்லையே...

அண்ணி: பக்கத்துல நின்னவர்கிட்ட கதை சொல்லிக்கிட்டிருந்தாரு. 'மலை மாதிரி ஒருத்தரு சார், ஆறரை அடி இருப்பாரு, என்னைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்தாரு'ன்னு. நான் திரும்பிப் பாத்தேன். 'கொஞ்சம் நகருங்கம்மா, வரிசை போகுது'ன்னாரு.

பொடிசு: நான்தான் அதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

அண்ணி: நகந்துக்கிட்டேன். அவரு பாத்தது மலையை. அதைப் போய் நான் எதுக்குக் கெடுக்கணும்... என்ன, பேனா நின்னுபோச்சு?

பொடிசு: ஒண்ணுமில்ல. அடுத்த கேள்வி. கவசம் இல்லாம அவளால என்ன முடியும்? பறக்க முடியாது, சுவரை இடிக்க முடியாது, இருட்டுல பாக்க முடியாது. 'அப்ப ஆடுறவங்க என்னதான் செய்வாங்க, சும்மா வாக்கிங் போவாங்களா'ன்னு மேலிடத்துல கேக்கறாங்க.

அண்ணி: நியாயமான கேள்விதான். உடுப்பு இல்லாதவ உள்ள போகவே கூடாது, வெளிய நிக்கணும். எங்க வேலையில அதுதான் முதல் விதி.

பொடிசு: வெளிய நிக்க முடியாது அண்ணி. கவசம் உடைஞ்சதே உள்ளதான். அங்க இன்னும் ஆள் மாட்டிக்கிட்டிருக்கு. இவளை விட்டா யாரும் இல்ல.

அண்ணி: ...அப்ப தரையோட போகச் சொல்லு.

பொடிசு: ஏன்?

அண்ணி: புகை மேலதான் நிக்கும். முழங்காலுக்குக் கீழ கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கும். இடது கை சுவரை விடவே கூடாது. போகும்போது இடது கை சுவர்ல இருந்தா, திரும்பும்போது வலது கை. இதை மட்டும் விடாம இருந்தா எந்த இருட்டுலயும் வந்த வழி தெரியும்.

பொடிசு: கதவு வந்தா?

அண்ணி: புறங்கையால தொடணும். சுட்டாலும் உள்ளங்கை மிச்சம் இருக்கும்ல? மத்த வேலைக்கு அது வேணுமே. கீழ இருந்து மேல தடவிப் பாக்கணும். சூடா இருந்தா திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பொடிசு: மூச்சு?

அண்ணி: எண்ணி விடணும். நாலு எண்ணி உள்ள, ஆறு எண்ணி வெளிய. பயந்துட்டா சிலிண்டர் பாதி நேரத்துல காலி. சிலிண்டரே இல்லைன்னா நீயே காலி.

பொடிசு: இதெல்லாம் உடுப்பு சொல்லிக் கொடுத்துதா?

அண்ணி: உடுப்பு எங்கடி பேசுது? உடம்புல ஊறிப்போனது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

பொடிசு: ம்.

அண்ணி: என்ன 'ம்'?

பொடிசு: எழுதறேன்ல, அதுக்கு ஒரு 'ம்'. சரி, மாட்டிக்கிட்ட ஆளு கத்திக்கிட்டே இருந்தா? கிட்ட போனா உதைச்சா?

அண்ணி: பேரைக் கேப்பேன்.

பொடிசு: அந்த நேரத்துலயா?

அண்ணி: அந்த நேரத்துலதான். 'பயப்படாதீங்க'ன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான், கூட கொஞ்சம் பயப்படுவான். 'உங்க பேரு என்ன'ன்னு கேட்டா, எந்த நிலைமையில இருந்தாலும் வாய் தன்னால பேரைச் சொல்லிடும். பேரைச் சொன்ன வாய் அரை நிமிஷம் கத்தாது. எனக்கு அந்த அரை நிமிஷம் போதும்.

பொடிசு: அண்ணி, இப்படி வந்து உக்காருங்க. லேப்டாப்பைத் திறந்துட்டேன். நீங்களே ஒரு தடவை ஆடிப் பாருங்க. இந்தாங்க, இந்த ரிமோட்டைப் பிடிங்க.

அண்ணி: எனக்கெதுக்கு இதெல்லாம்? உடைச்சு வைக்கப் போறேன்.

பொடிசு: கோடாலியால கதவை உடைக்கிற கை, இதை உடைக்காது. இடது கட்டைவிரல்ல நடக்கணும், வலது கட்டைவிரல்ல திரும்பிப் பாக்கணும். கையை நீட்ட இந்தப் பொத்தான். மூணு மணிக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னா எனக்கு நல்லது.

அண்ணி: தப்பு கண்டுபிடிக்கணுமா? அது வரும் எனக்கு. கொண்டா... எங்க இருக்கா? ஒரே புகையா இருக்கு.

பொடிசு: கீழ பாருங்க. நொறுங்கிக் கிடக்கிறது கவசம். பக்கத்துல எழுந்துக்கறாளே, அதுதான் அவ.

அண்ணி: இவ்வளவுதானா இவ? நான் ஏதோ ஆறரை அடி இருப்பான்னு... சின்ன உருவமாத்தான் இருக்கா. வயசு என்ன, என் வயசு இருக்குமா? அடியே, கழுத்தை வச்சுட்டியே.

பொடிசு: வச்சுட்டேன்.

அண்ணி: மூஞ்சியில தடம். தோள்ல பள்ளம். ஒரு தோளு இறங்கி... என்னடி இது, மானத்தை வாங்கிட்ட. சரி, நடக்கட்டும். இது எதுக்குக் காலை இப்படித் தூக்கித் தூக்கி... ஓ.

பொடிசு: இடது பக்கம் ஒரு கதவு...

அண்ணி: சும்மா இரு, எனக்குத் தெரியும். கையை நீட்டு... புறங்கை, சரி. சூடு இல்ல. திற. போ, போ. ஏன்டி, இவ எதுக்குப் பக்கவாட்டுல நுழையறா? வாசல் அவ்வளவு அகலமா இருக்கே. இதோ, தப்பு கண்டுபிடிச்சுட்டேன், எழுதிக்கோ.

பொடிசு: தப்பு இல்ல அண்ணி. முதுகுல இன்னும் சிலிண்டர் இருக்குன்னு நினைச்சுக்கறா.

அண்ணி: அதான் எல்லாம் போச்சே, பைத்தியமா அவளுக்கு?

பொடிசு: நீங்க நம்ம சமையல்கட்டுக்குள்ள எப்படி நுழைவீங்க?

அண்ணி: எப்படி நுழைவேன், எல்லாரையும் போலத்தான் நுழை... வேன்.

பொடிசு: எழுந்து போய் ஒரு தடவை நுழைஞ்சு பாருங்க.

அண்ணி: ...வேண்டாம். ஞாபகம் வந்துடுச்சு.

பொடிசு: ஆறு வருஷம் இந்த வீட்டுல இருந்து படிச்சிருக்கேன். கையில தட்டு இருந்தாலும் சரி, துணிக்கூடை இருந்தாலும் சரி, ஒரு நாள் கூட நீங்க நேரா நுழைஞ்சு பாத்ததில்ல. நண்டைக் கட்டிக்கிட்டேன்னு அண்ணன் சொல்லுவாரு.

அண்ணி: எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே அந்த மனுஷன். கடைக்குப் போயிருக்காரு, வரட்டும், பேசிக்கறேன்.

பொடிசு: அப்புறம் பேசலாம், ஆடுங்க. சத்தம் கேக்குது பாருங்க.

அண்ணி: யாரோ கத்தறாங்க. படு, படு, கீழ போ... இடது கை... சுவரை விடாத... மூச்சு விடுறது கேக்குதே. நாலு... ஆறு. சரியாத்தான் விடுறா. இங்க இருக்காரு, ஒரு பெரிய ஆளு. கிட்ட போனா உதைக்கிறாரே. இப்ப என்ன செய்யணும்?

பொடிசு: நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

அண்ணி: நானா இருந்தா... இந்தப் பொத்தானா?

பொடிசு: ம்.

அண்ணி: அமுக்கிட்டேன்... பேரைக் கேக்கறா.

பொடிசு: ம்.

அண்ணி: 'ம்' சொல்லாத. நான் இதை உங்கிட்ட சொல்லிக் கால் மணி நேரம் கூட ஆகல. நீ நோட்டுல எழுதிக்கிட்டிருந்தே. அதுக்குள்ள இது எப்படி உள்ள போச்சு? புறங்கை, இடது கை, நாலு, ஆறு... எல்லாம் ஏற்கனவே இருக்கே. அந்த நோட்டைக் கொடு.

பொடிசு: அது ஆபீஸ் ரகசியம்...

அண்ணி: கொடுன்னா கொடு. ...ஒரு எழுத்து கூட எழுதல. கோழிதான் வரைஞ்சு வச்சிருக்க.

பொடிசு: அது மயில்.

அண்ணி: பேச்சை மாத்தாத. எப்படித் தெரியும் உனக்கு?

பொடிசு: இஸ்திரிப்பெட்டி, பால் பாத்திரம், காய்ச்சலுக்கு என் நெத்தி... எல்லாத்தையும் நீங்க புறங்கையாலதான் தொடுவீங்க. கரண்ட் போனா இடது கை சுவருக்குப் போயிடும். பேரைக் கேக்கறதும் எனக்குத் தெரியும். காலேஜ்ல முதல் வருஷம் ஃபெயில் ஆனேனே, குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு நாள் பூரா அழுதேனே... அண்ணன் கதவைத் தட்டுத் தட்டுன்னு தட்டினாரு, மிரட்டினாரு, கெஞ்சினாரு. நீங்க வந்து, 'உள்ள இருக்கிறவங்க பேரு என்னம்மா'ன்னு கேட்டீங்க.

அண்ணி: கேட்டேனா?

பொடிசு: ஒரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், பேரைக் கேக்கறாங்களேன்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பேரைச் சொன்னேன். தாழ்ப்பாளைத் திறந்தேன். மறுபடி எழுதினேன், பாஸ் பண்ணினேன். விளையாட்டு செய்யறதெல்லாம் ஒரு வேலையான்னு வீடே குதிச்சப்ப, 'நெருப்புக்குள்ள போறதையே வேலைன்னு ஒத்துக்கிட்ட குடும்பம், இதை ஒத்துக்க மாட்டீங்களா'ன்னு கேட்டது யாரு? இன்னிக்கு நான் ஒரு ஆளா உக்காந்திருக்கேன்னா உங்களாலதான். அன்னிக்கெல்லாம் நீங்க உடுப்புல இல்ல அண்ணி. இதே மாதிரி நைட்டியிலதான் நின்னுக்கிட்டிருந்தீங்க.

அண்ணி: ...இதைச் சொல்லவா டேப்பைத் தூக்கிக்கிட்டு வந்தே?

பொடிசு: நன்றி சொல்லத்தான் வந்தேன். சும்மா வந்து சொன்னா காது கொடுத்துக் கேக்க மாட்டீங்க, அடுப்பைத் துடைக்கப் போயிடுவீங்க.

அண்ணி: அது மட்டும் இல்ல. இன்னும் ஏதோ இருக்கு. உன் மூஞ்சி சொல்லுது.

பொடிசு: அண்ணன் போன் பண்ணினாரு.

அண்ணி: என்னத்துக்கு?

பொடிசு: துண்டு எடுக்கறதுக்கு பீரோவைத் திறந்தாராம்.

அண்ணி: ...கடுதாசியைப் பாத்துட்டாரா?

பொடிசு: செவ்வாய்க்கிழமையே. உங்ககிட்ட கேக்க அவருக்கு தைரியம் இல்ல. பழையபடி மடிச்சு, அதே புடவைக்கடியில வச்சுட்டாரு.

அண்ணி: திங்கட்கிழமை வந்துது. இனிமே உடுப்பு போடத் தகுதி இல்லைன்னு ஒரே ஒரு வரி. கட்டுப்பாட்டு அறையில உக்காந்து, உதவி கேக்கறவங்க போனை எடுக்கலாமாம், அடுத்த வாரம் சேரணுமாம். ராஜினாமா எழுதி வச்சுட்டேன் நானு. மருந்துக்கடை வரிசையில அந்த ஆளு சொன்னது சரிதான். மலை உடுப்புலதான் இருந்துது, எங்கிட்ட இல்லன்னு நாலு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.

பொடிசு: அண்ணி, இங்க பாருங்க...

அண்ணி: இரு. ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. இவளை எனக்கு ஆறுதலுக்குச் செஞ்சியா? கடுதாசி வந்தது தெரிஞ்சதும், ஐயோ பாவம் அண்ணின்னு உக்காந்து, என் தோளையும் கழுத்தையும் இவளுக்கு ஒட்ட வச்சியா? அப்படின்னா சொல்லிடு, கோவப்பட மாட்டேன். நீ பட்ட பாட்டுக்கு நானும் நன்றிதான் சொல்லுவேன். ஆனா ராஜினாமாவை இன்னிக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுவேன். பரிதாபப்பட்டு கொடுக்கறதை வச்சுக்கிட்டுப் பிழைக்க எனக்குத் தெரியாது. இல்லைன்னா... இல்லைன்னா அந்தக் காகிதத்தைக் கிழிச்சுட்டுப் போய் போன் எடுக்கறேன்.

பொடிசு: கடுதாசி வந்தது இந்தத் திங்கட்கிழமை. இவளை நான் செஞ்சு முடிச்சது போன மாசம் அண்ணி. மூணு மணிக்கு மீட்டிங் எதுவும் இல்ல, அது பொய். மேலிடம் பாத்து ஒத்துக்கிட்டாச்சு. வெளியில இருந்து நாப்பது பேரைக் கூப்பிட்டு ஆட விட்டும் பாத்தாச்சு. முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, 'அடுத்த கட்டத்துல இவளுக்கு என்ன கொடுக்கலாம்'னு கேட்டோம். டார்ச் கேட்டாங்க, கயிறு கேட்டாங்க, ஒரு அம்மா தண்ணி கொடுக்கச் சொன்னாங்க. கவசம்னு ஒருத்தர் கூட எழுதல. அதுல முப்பத்தொன்பது பேருக்கு உங்களை யாருன்னே தெரியாது. நாப்பதாவது ஆளு அண்ணன். நான்தான் திருட்டுத்தனமா உக்கார வச்சேன். பத்து நிமிஷத்துல ரிமோட்டைக் கீழ வச்சுட்டு, கண்ணு சரியா தெரியலைன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. அவரு எழுதின தாளை மட்டும் நான் மேலிடத்துக்குக் கொடுக்கல, என் பையிலயே வச்சிருக்கேன். 'இவளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா போதும்'னு எழுதியிருக்காரு.